பதினாலாம் நம்பர் கேங்கு

முதலில் அந்தச் சிவப்புத் துண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழு துண்டும் என் கடையில் விற்றவை. கள்ளக்குறிச்சி கடைவீதியில் எனக்கு ஜவுளிக்கடை. யாருக்கு விற்றேன், எதற்கு விற்றேன் என்று தெரிந்தவன் நான். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் நின்றவனும் நான்தான். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வாங்கியவர் ஆதிமூலம், நைனார்பாளையத்துக்காரர், கரும்பு வெட்டு மேஸ்திரி. எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டுகிற ஆட்களுக்குக் கேங்கு என்று பேர். மில்லுக்காரர்கள் வைத்த பேர். ஒவ்வொரு கேங்குக்கும் ஒரு நம்பர், ஒரு மேஸ்திரி. மில்லிலிருந்து உத்தரவு வந்ததும் மேஸ்திரி தன் கேங்கைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரும்புக் கொல்லையில் போய் இறங்குவார். ஆதிமூலத்தினுடையது பதினாலாம் நம்பர். ஊர் ஆட்கள் பாதி, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பாதி. ஆண்கள் ஏழு பேர் வெட்டுவார்கள். பெண்கள் சோகை என்கிற காய்ந்த தோகையைக் கழித்துக் கட்டுக் கட்டுவார்கள். ஆதிமூலத்தின் பெண்சாதி தங்கமணியும் கட்டுக் கட்டுகிறவள்தான். சோகை கிழித்த கோடுகள் அவள் முழங்கை வரைக்கும் இருக்கும்.

எண்பத்தாறில் பொங்கல் கழிந்த வாரம் ஆதிமூலம் கடைக்கு வந்தார்.

"பாய், நல்லா கண்ணு கூசற மாதிரி செவப்புத் துண்டு ஏழு குடுங்க. ஒரே கலரா இருக்கணும்."

"இன்னா மேஸ்திரி, கல்யாணமா?"

"நீங்க வேற. நம்ம கேங்குல வெட்டற தனசேகரனுக்கு வெரலு போயிடுச்சு பாய். எதிர்ச் சால்ல வெட்டிக்கினு வந்தவனுக்கு இவன் இருக்கறதே தெரியல. வெள்ளைத் துண்டு கட்டிக்கினு சோகைக்குள்ள குனிஞ்சா எது துண்டு, எது சோகை? பனியில ஒண்ணும் தெரியறதில்ல. கேங்குக்குப் பூரா செவப்பா கட்டிவுட்டுட்டா தூரத்துலயே தெரியும்ல?"

சரியான யோசனை என்று எனக்குப் பட்டது. கடைப் பேர் போட்ட மஞ்சள் பையில் ஏழையும் வைத்துக் கொடுத்தேன். அந்த சீசனில் பதினாலாம் நம்பர் கேங்கில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. மில்லில் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்கள். லாரிக்கு முன்னால் ஏழு பேரும் சிவப்புத் துண்டும் வெட்டுக் கத்தியுமாக நிற்கிற போட்டோ. கீழே 'சிறந்த கேங், எண் 14' என்று எழுதிக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். தங்கமணி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தாள்.

மாட்டாமல் அடுப்பில் போட்டிருக்கலாம்.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. ஊர் ஊருக்குப் புளியமரத்தையும் தூங்குமூஞ்சி மரத்தையும் வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது, பால் வண்டி கூடக் கிடையாது. என் அக்காள் மகன் ரவூப் சேலத்தில் துணி எடுக்கப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தான். புதன்கிழமை ஒரு வேனைப் பிடித்துக் கிடைத்த சந்து பொந்தெல்லாம் நுழைந்து வந்திருக்கிறான். சின்னசேலத்துக்கு இந்தப் பக்கம் மெயின் ரோடு அடைத்திருக்கவும் வண்டியை நைனார்பாளையம் பக்கம் திருப்பினார்கள். அங்கேயும் மரம் கிடந்தது. இறங்கி நகர்த்த முடியுமா என்று இவன் குனிந்து பார்த்தபோது சுட்டுவிட்டார்கள். விளக்கு வைக்கிற நேரம். நாட்டுத் துப்பாக்கி. தொடை முழுக்க ரவை.

சுட்டவன் எவன், எதற்குச் சுட்டான், மறியல்காரனா, பழைய பகையில் வேறு எவனையோ தேடி வந்தவனா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. போலீசுக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று எழுதினால் மேலே இருக்கிறவர்கள் விடுவார்களா? பத்து நாளில் ஆளைப் பிடித்தாக வேண்டும்.

ரவூப் ஆஸ்பத்திரியில் சொன்னது ஒரே வரி. "தலையில துண்டு கட்டிக்கினு இருந்தான் மாமு. மூஞ்சி தெரியல." எங்கள் பக்கத்தில் தலையில் துண்டு கட்டாத ஆம்பளை எத்தனை பேர்? துண்டைத் தேடி வீடு வீடாக நுழைந்த போலீஸ்காரர்கள் ஆதிமூலம் வீட்டுச் சுவரில் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டார்கள். ஏழு பேர். ஏழு கத்தி. ஒரே மாதிரி துண்டு. கீழே கேங் என்று எழுத்து வேறு.

மறுநாள் அதிகாரி ஒருத்தர் என் கடைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை.

"இது உங்க கடைப் பைதானே பாய்?"

"ஆமாங்க சார்."

"ஒரே கலர்ல ஏழு துண்டு, எதுக்குன்னு வாங்கினான்?"

"கேங்குக்குங்க சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேங்குக்குன்னு அவனே சொன்னானா?"

"ஆமாங்க. அவருதான மேஸ்திரி."

எழுதிக்கொண்டார். நானும் மடையன் மாதிரி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். எனக்கு உறைத்தது மூன்று நாள் கழித்து, 'பயங்கரக் கும்பலின் தலைவன் கைது' என்று பேப்பரில் வந்தபோதுதான்.

அன்றைக்கே நைனார்பாளையம் போனேன். தங்கமணி வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைக்காமலே பேசினாள்.

"வாங்க பாய். நல்லா சொல்லிவுட்டீங்க."

"தங்கமணி, சத்தியமா நான் கரும்புக் கேங்கைத்தான்..."

"தெரியுது. உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது, இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியுது. அந்த மகராசனுக்குத் தெரியலையே! எங்க வூட்டுக்காரரு அன்னிக்கு ஊர்லியே இல்ல பாய். ரோடெல்லாம் அடைச்சிட்டானுவோ, கத்தியத் தூக்க முடியாது, சும்மா கெடக்கறதுக்கு மலைக்குப் போயி சீசனுக்கு ஆளு பேசிட்டு வரேன்னு திங்கக்கெழம நடந்தே போனாரு. வியாழக்கெழம கால் வீங்கிப் போயி வந்தாரு. கரியாலூர்ல காசியம்மா வூட்லதான் இருந்திருக்காரு. நம்ம கேங்குல கட்டுக் கட்டுமே, அதுதான்."

"அதைச் சொன்னீங்களா?"

"சொல்லாம? மலைக்குத் துப்பாக்கி வாங்கத்தான் போனான்றானுவோ." முறத்தைத் தரையில் போட்டாள். "மறியல் நடத்துன சங்கத்துக்காரங்க கிட்டப் போனேன். மறியலுக்குக் கூப்ட்டப்ப வராதவனுக்கு நாங்க எதுக்கு வக்கீல் வெக்கறதுன்றாங்க. மறியலுக்கு வந்து சுட்டான்னு போலீஸ் சொல்லுது, மறியலுக்கே வரலன்னு சங்கம் சொல்லுது. எதுனா ஒண்ணுதான உண்மையா இருக்கணும்? ரெண்டுக்கும் என் புருசன்தான் குத்தவாளியா?"

உள்ளே சுவரில் போட்டோ இருந்த இடம் மட்டும் புகை படியாமல் சதுரமாக வெள்ளையாக இருந்தது. இருங்க என்று உள்ளே போனவள் ஒரு லோட்டா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கோபத்திலும் கொடுத்தாள். அதைக் குடிக்கிறதுக்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

வீட்டில் வேறு கூத்து. என் அக்காள் ஜீனத்துன்னிசா என்னைப் பிடித்து உலுக்கினாள். "உன் மருமகன் காலு போயிக்கினு கெடக்கான். நீ அந்த வூட்டுக்குப் போயி மோர் குடிச்சிட்டு வரியா? வெக்கமா இல்ல?"

கட்டிலில் படுத்திருந்த ரவூப்தான் சொன்னான். "அம்மா, எவனையாவது புடிச்சி உள்ள தள்ளிட்டா என் காலு வந்துடுமா? சுட்டவன் ஜாலியா சுத்திக்கினு இருப்பான். கேஸ் முடிஞ்சிதுன்னு அவன் பிரியாணி போடுவான்."

இரண்டு மாசத்தில் அவன் எழுந்து நடந்தான். வலது கால் இழுத்தது, இன்னும் இழுக்கிறது.

கேங்கில் மற்றவர்களை விசாரித்து அனுப்பிவிட்டார்கள், தலைவன் ஒருத்தன் போதுமாம். ஆதிமூலத்துக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. கும்பல் தலைவனாம், வெளியே விட்டால் சாட்சியைக் கலைத்துவிடுவானாம். அந்த சீசன் முழுக்கப் பதினாலாம் நம்பர் கேங்கு சிதறிப்போனது. தங்கமணி வேறு கேங்கில் கட்டுக் கட்டப் போனாள். அங்கேயும் அவளைக் கொஞ்சம் தள்ளியே உட்காரச் சொன்னார்களாம்.

விசாரணைக்கு வர ஒரு வருஷம் ஆனது. வக்கீல் தமிழரசன் என்று டவுன் பிள்ளை, சின்ன வயசு. நல்லவர்தான். கரும்பை ஜூஸ் கடையில் மட்டும் பார்த்தவர்.

முதல் சாட்சி ரவூப். "சிவப்புத் துண்டு கட்டியிருந்தான் என்று போலீசில் சொன்னீர்களா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"துண்டுன்னுதாங்க சொன்னேன். செவப்புன்னு அவங்களா எழுதிக்கினாங்க."

"இவன்தான் சுட்டான் என்று சொல்ல உங்களுக்குப் பயமா?"

"பாக்காததை எப்படிங்க சொல்றது?"

சுடப்பட்டவனே இவன் இல்லை என்கிற மாதிரி பேசினால் கேஸ் அத்தோடு தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். அங்கேதான் அரசு வக்கீல் சிரித்தார். எவன் கை துப்பாக்கியைப் பிடித்தது என்பது முக்கியமில்லையாம். ஒரு கும்பல் சேர்ந்து ஒரு காரியம் செய்தால் கும்பலில் இருக்கிற அத்தனை பேரும் செய்த மாதிரியாம், சட்டத்தில் அப்படி இருக்கிறதாம். ஆகவே இவன் கும்பலைச் சேர்ந்தவன், கும்பலுக்குத் தலைவன் என்று காட்டினால் போதுமாம். மேசை மேல் ஏழு கத்தி, ஏழு துண்டு, கண்ணாடி போட்ட அந்தப் போட்டோ, எல்லாவற்றிலும் நம்பர் ஒட்டி அடுக்கிவைத்திருந்தார்கள். எங்கோ ஓடையில் கிடந்ததாக ஒரு துப்பாக்கியும் பக்கத்தில் இருந்தது. அதற்கும் இவருக்கும் சம்பந்தம் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பக்கத்தில் வைத்தாலே சம்பந்தம்தானே!

அடுத்து நான்.

"துண்டுகள் எதற்காக என்று எதிரி ஆதிமூலம் சொன்னார்?"

"கரும்பு வெட்டற ஆளுங்களுக்குங்க..."

"போலீசில் நீங்கள் சொன்ன வார்த்தை என்ன? கேங்குக்கு என்றுதானே?"

"கேங்குன்னா அதுதாங்க, கரும்பு..."

"கேங்குக்கு என்றார். ஆமாவா, இல்லையா?"

"ஆமாங்க, ஆனா..."

"அவ்வளவுதான்."

தமிழரசன் குறுக்குக் கேள்வி இல்லை என்றுவிட்டார். நீதிபதி இங்கிலீஷில் சொல்லச் சொல்ல டைப் அடிக்கிறவர் அடித்தார். இங்கிலீஷில் 'கேங்' என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. கூண்டில் நின்ற ஆதிமூலம் என்னைப் பார்த்துப் பரவாயில்லை என்கிற மாதிரி தலையை அசைத்தார். எனக்கு அழுகை வந்தது. நாற்பது வருஷமாகத் துணி அளந்து பிழைக்கிற எனக்கு மூன்று வார்த்தை சேர்த்துச் சொல்ல வக்கில்லை.

இனி நம்பிக்கை காசியம்மாள் ஒருத்திதான். அவள் வந்து, அந்தப் புதன்கிழமை அவர் என் வீட்டில் இருந்தார் என்று சொன்னால் போதும். மலையிலிருந்து விடியலில் இறங்கி பஸ் பிடித்து வந்திருந்தாள். பெட்டி மடிப்புக் கலையாத ஒரு பச்சைப் புடவை. பொய் சொல்லத் தெரியாத முகம்.

"அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஆதிமூலம் எங்கே இருந்தார்?" என்று தமிழரசன் கேட்டார்.

"எங்க வூட்லதாங்க. சாமைச் சோறு ஆக்கி மொச்சைக் கொழம்பு ஊத்துனேன். கால்ல கொப்புளம், விளக்கெண்ண வெச்சி வுட்டேன். மக்யா நாள் வியாழக்கெழம காலையிலதாங்க எறங்குனாரு."

தங்கமணி என் பக்கத்து பெஞ்சில் மூச்சை விட்டாள். முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று எனக்கே தோன்றியது.

அரசு வக்கீல் எழுந்தார். குரலில் தேன்.

"ஏம்மா, அவ்வளவு தூரம் நடந்து எதுக்கு வந்தாரு?"

"கேங்குக்கு ஆளு சேக்கங்க."

"ஓ. நீங்களும் அந்த கேங்கா?"

காசியம்மாள் நிமிர்ந்து நின்றாள். பெருமை அவளுக்கு. "ஆமாங்க. நான் அவரு கேங்குதான். ஒம்போது வருசமா."

"தலைவர் அவர்தான்?"

"அவருதாங்க எல்லாம்."

"அவர் சொன்னா நீங்க எல்லாரும் கேட்பீங்க?"

"கேக்காம? அவரு வெட்டுன்னா வெட்டுவோம், நிறுத்துன்னா நிறுத்துவோம்."

கோர்ட்டே சிரித்தது. டைப் மிஷின் கடகடவென்று ஓடியது. காசியம்மாளும், தான் நன்றாகச் சொல்லிவிட்டதாக நினைத்து, அவர்களோடு சேர்ந்து லேசாகச் சிரித்தாள்.

தமிழரசன் பதறி எழுந்தார். "ஏம்மா, கரும்புதானே வெட்டுவீங்க?"

"சாட்சிக்குப் பதிலை எடுத்துக் கொடுக்கிறார்" என்று அரசு வக்கீல் கத்தினார். அப்படிக் கேட்கக் கூடாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். தமிழரசன் காகிதத்தைப் புரட்டினார். பிறகு, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

எதை வெட்டுவீங்க என்று ஒரே ஒரு கேள்வி! அதைக் கேட்கத் தடை இல்லையே! கேட்டிருந்தால் அவள் கரும்பு என்று சொல்லியிருப்பாளே! எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று கத்தினேன்.

"எதைன்னு கேளுய்யா! எதை வெட்டுவீங்கன்னு கேளு! யோவ், நீங்கள்லாம் காலையில காப்பியில போட்டுக்கினு குடிச்சீங்களே சக்கரை, அது எவன் வெட்டுனது?"

கோர்ட்டு டவாலிச் சேவகர் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். போகிற போக்கில் காதோரம் சொன்னார்: "எங்க மச்சானும் கேங்குதான் பாய். வாயை மூடிக்கினு போங்க."

வெளியே வேப்ப மரத்தடியில் காசியம்மாள் வந்து நின்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா சொன்னேனுங்களா பாய்? ஒரு பொய் கலக்கல."

நான் வாயைத் திறக்கிறதுக்குள் தங்கமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாதான் சொன்னக்கா. வா, காலையிலருந்து ஒண்ணும் துன்னல நீ." தூக்குவாளியில் கொண்டுவந்திருந்த புளிச்சோற்றை அவளுக்குப் பிசைந்து கொடுத்தாள்.

தீர்ப்பு கார்த்திகையில் வந்தது. யார் சுட்டார் என்பது நேரடியாக நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதியே வாசித்தார். நைனார்பாளையம் பெண்கள் ஒரு நிமிஷம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். பிறகு அடுத்த வரி. எதிரி ஆயுதம் தாங்கிய ஒரு கேங்கின் தலைவர் என்பதும், ஆள் சேர்க்கவே மலைக்குப் போய்வந்தார் என்பதும், உறுப்பினர்கள் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதும் எதிரித் தரப்பு சாட்சியாலேயே நிரூபணம் ஆகிறது. ஏழு வருஷம்.

ஆதிமூலம் நீதிபதியைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, நான் கேங்குதாங்க. இல்லைன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

கூட்டிப் போய்விட்டார்கள்.

மெட்ராசில் அப்பீல் போட்டிருக்கிறது. எப்போது எடுப்பார்கள் என்று தமிழரசனுக்கும் தெரியாது. அவர் என்னைக் கண்டால் தெருவில் அந்தப் பக்கம் போகிறார். சுட்டவன் எங்கேயோ சௌகரியமாக இருக்கிறான். அதைக் கேட்க ஒரு நாதியில்லை.

மார்கழி பிறந்த நாலாம் நாள், மத்தியான வெயிலில் தங்கமணி கடைக்கு வந்தாள். கையில் ஒரு கார்டு. மில்லிலிருந்து வந்தது. ரவூப் வாங்கிச் சத்தமாகப் படித்தான்: "கேங் எண் பதினாலு, தலைவர் ஆதிமூலம் அவர்களுக்கு. தாங்கள் தங்கள் கேங்குடன் வரும் திங்கட்கிழமை..."

அதோடு கார்டை மேசை மேல் வைத்துவிட்டான்.

"கோர்ட்டுக்குத் தெரியாத கேங்கு மில்லுக்கு மட்டும் தெரியுது, பாத்தீங்களா?" என்றாள் தங்கமணி. "காலையில போயி மில்லுல கேட்டேன். மேஸ்திரி இல்லன்னா நம்பரை வேற ஆளுக்குத் தந்துடுவாங்களாம். பொம்பள மேஸ்திரி வழக்கமில்லையாம். கரும்புக்கு ஆம்பள பொம்பள தெரியுமான்னு கேட்டேன். அரை நாள் நின்னேன். கடைசீல என் பேரை எழுதிக்கினாங்க. காசியம்மாக்கா மலையிலருந்து ஆளோட எறங்கிக்கினு இருக்குது. தனசேகரன் இருக்கற வெரலோட வரேன்னுட்டான்."

"நல்லது தங்கமணி."

"செவப்புத் துண்டு ஏழு குடுங்க."

கேஸ் ஆரம்பித்த நாளிலிருந்து சிவப்புத் துண்டு நான் கடையில் வெளியே வைப்பதில்லை. "வேற கலரு எடுத்துக்கோயேன். பச்சை இருக்குது, ஊதா இருக்குது."

"பச்சை கட்டிக்கினு கரும்புக்குள்ள போனா கண்ணுக்குத் தெரியுமா பாய்? எத்தினி வெரலு போவணும்?"

ரவூப் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பரணிலிருந்து சிவப்புத் துண்டுக் கட்டை இறக்கிவந்தான். நான் ஏழு துண்டு எண்ணி எடுத்தேன். சுற்றிக் கொடுக்கப் பழைய பேப்பரைத் தேடினேன். என் கை தானாகத் தேடியது. இத்தனை கத்திய பிறகும் எனக்குப் பயம் போகவில்லை, இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"பேப்பரு எதுக்கு? உங்க பை இல்லையா?" என்றாள் தங்கமணி. "பையிலியே போடுங்க பாய். நாளைக்கு எவனாவது வந்து இது எதுக்கு வாங்குனான்னு கேப்பான். கேங்குக்குன்னே சொல்லுங்க. யாரோட கேங்குன்னு கேட்டா, தங்கமணி கேங்குன்னு சொல்லுங்க."

மஞ்சள் பையை எடுத்து ஏழையும் உள்ளே வைத்தேன். கடைப் பேர் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி அவள் கையில் கொடுத்தேன்.